கால் சொல்லாததைக் கண் சொல்லும்

தமிழில் நோவைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை என் மூத்தம்மாவின் கால்களிடமிருந்துதான் படித்தேன். குத்தல், குடைச்சல், உளைவு, கடுப்பு, எரிவு, காந்தல், இழுப்பு, விறைப்பு, மதமதப்பு. ஒரே விடயத்தைக் குறிக்கும் பல சொற்கள் இவை என்றுதான் பலரும் எண்ணுவார்கள். மூத்தம்மாவிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் தனி நேரமும் உண்டு. "நாரியில உளைவு, முழங்கால்ல கடுப்பு, உள்ளங்கால்ல காந்தல். மூணும் மூணு வருத்தம் புள்ள" என்பார்.

ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு சீனாவும் (980–1037) நோவுகளை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். 'அல்கானூன் ஃபித் திப்' என்ற தமது பெருநூலில் 15 வகை நோவுகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். குத்தும் நோவு, அழுத்தும் நோவு, துளைக்கும் நோவு, மரக்கச் செய்யும் நோவு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நோயாளியின் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது என்பது வைத்தியருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் மூத்தம்மாவோடு கிளினிக் போன பிறகுதான் விளங்கிக்கொண்டோம்.

மூத்தம்மா கைத்தறிக்குப் பெயர் போன மருதமுனையில் பிறந்து வளர்ந்தவர். பத்து வயதில் நூல் சுற்றத் தொடங்கி, பதினைந்தில் தறியில் ஏறியவர். சீனி வருத்தம் இருப்பதாகக் கண்டுபிடித்து 18 வருடங்களாகின்றன. நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய இரண்டு உள்ளங்கால்களிலும் காந்தல் தொடங்கியது. பகலில் வேலையோடு வேலையாக மறந்திருப்பார். இஷாத் தொழுது படுத்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். தணலில் காலை வைத்த மாதிரி எரிகிறது என்பார். சில இரவுகளில் போர்வையின் ஓரம் பட்டாலே துடிப்பார். ஆனால் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும்.

நரம்பு நோவு உள்ளவர்களுக்கு முதல் துன்பம் நோவு. இரண்டாவது துன்பம், அதை யாரும் நம்பாதது. கால் வீங்கவில்லை, சிவக்கவில்லை, காயமும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "கால் நல்லாத்தானேகா இரிக்கி" என்றார்கள். ஒருவர் வாய்வு என்றார். இன்னொருவர் வயது என்றார். மற்றொருவர் கண்ணூறு என்று ஓதிப் பார்க்கச் சொன்னார். பரசிட்டமோல் குளிசை விழுங்கியும் எரிவு குறையவில்லை. கொஞ்ச நாளில் மூத்தம்மா சொல்வதையே நிறுத்திவிட்டார். இரவில் எழுந்து முற்றத்துக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் காலை வைத்துக்கொண்டு தனியே இருப்பார். உம்மாதான் அதைக் கண்டு, அடுத்த கிளினிக்குக்குத் தாமும் கூடப் போவதென்று முடிவு செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்த இளம் பெண் வைத்தியர், "நோவுதா?" என்று மட்டும் கேட்கவில்லை. "எரியுதா, குத்துதா, மரத்த மாதிரியா, எறும்பு ஊருற மாதிரியா? பகல்லயா ராவிலயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூத்தம்மாவின் முகம் மலர்ந்தது. கடைசியில் அவருடைய சொற்களைத் தேடிய ஒருவர் கிடைத்துவிட்டார்!

பிறகு வைத்தியர் ஒரு மெல்லிய நைலோன் நாரை எடுத்தார். அதைத் தோலில் வைத்து, அது வளையும் வரைக்கும் அழுத்தினால் 10 கிராம் அளவான அழுத்தம் படும். மூத்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, பட்டதை உணரும் போதெல்லாம் "ஓம்" சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஓம். கணுக்காலில் ஓம். பெருவிரலின் அடியில் நார் வளைந்தது, ஓம் வரவில்லை. பக்கத்து விரலிலும் வரவில்லை. உம்மாவும் நானும் அந்த நார் வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூத்தம்மாவோ இன்னும் தொடவில்லை என்று எண்ணிப் புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார். அதன்பின் இசைக்கவை ஒன்றைத் தட்டி எலும்பின் மேல் வைத்தார். அதன் அதிர்வும் அவருடைய பெருவிரலுக்கு எட்டவில்லை.

எரியும் காலே எப்படி உணர்ச்சியற்ற காலாகவும் இருக்க முடியும்? உயிரியல் பாடம் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பல நாள் ஓயவில்லை. விளங்கிக்கொண்டதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன். காலிலிருந்து செய்தி கொண்டு போகும் நரம்புக்கலங்களின் உடல்கள் முள்ளந்தண்டின் அருகே இருக்கின்றன. அங்கிருந்து ஒரே ஒரு நார் பெருவிரல் வரை ஓடுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அவ்வளவு நீண்ட நாரின் கடைசி முனையைப் பேணுவது கடினம். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியிருந்தால் நரம்பும், நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் பழுதடைகின்றன. மிக நீண்ட நார்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் இந்த வருத்தம் இரண்டு கால்விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. விரல் நுனிகளுக்குப் பெரும்பாலும் பிறகுதான் வருகிறது.

பழுதான நரம்பு இரண்டு விதமாகப் பிழை செய்கிறது. நெருப்பில்லாத போது நெருப்பு என்று பொய் சொல்கிறது. முள் குத்தும் போது ஒன்றுமில்லை என்று மௌனமாக இருக்கிறது. பொய் நம்மை உறங்க விடாது. மௌனமோ காலையே கொண்டுபோய்விடும்.

வைத்தியர் அன்றே தினமும் காலைப் பார்க்கச் சொன்னார். மூத்தம்மா வீட்டுக்கு வந்து சிரித்தார். "அறுபத்தெட்டு வருஷமா என்னோட இரிக்கிற கால். எனக்குத் தெரியாததா?" என்று யாரையும் தொடவிடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மஃரிப் நேரம் அவர் வுளூச் செய்துகொண்டிருந்தார். காலைக் கழுவிய தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடுவதைத் தம்பி கண்டு கத்தினான். மூத்தம்மா "எங்க?" என்று கேட்டார். ரப்பர் செருப்பின் அடியில் தறியிலிருந்து விழுந்த ஒரு சிறிய ஆணி ஏறியிருந்தது. ளுஹருக்குப் பிறகு அந்தச் செருப்போடுதான் கடைக்கும் போய் வந்திருந்தார். ஆணி உள்ளங்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. ஒரு துளி நோவும் அவருக்குத் தெரியவில்லை.

ஏற்புத் தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லி, ஒன்றுவிட்ட ஒரு நாள் காயத்துக்கு மருந்து கட்டுதல், அந்தக் காலை ஊன்றக் கூடாது என்ற கட்டளை. காயம் மூட 11 வாரம் எடுத்தது. அந்த அறையில் எங்களோடு காத்திருந்த பலருக்கு விரல்கள் இல்லை. அவர்களில் அநேகருக்கு எல்லாம் தொடங்கியது ஒரு சிறிய கொப்புளத்திலோ, செருப்பு வெட்டிய கீறலிலோதான். மூத்தம்மா அவர்களுடைய கால்களைப் பார்த்துவிட்டு வழி முழுக்கப் பேசாமல் வந்தார். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி, "பாருங்க, இனி நீங்கதான் பாக்கணும்" என்றார்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் போல் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர். 1946 முதல் வேலூரில் தொழுநோயாளர்களுக்குச் சிகிச்சை செய்தார். அந்த நோயால் விரல்கள் அழுகி விழுவதாகவே அக்காலத்தில் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்தார். நரம்பு மரத்துப்போனதால் சூடு தெரியவில்லை, கீறல் தெரியவில்லை, திரும்பத் திரும்பக் காயப்பட்டே விரல்கள் தேய்கின்றன என்று கண்டார். உறக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள்! பின்னர் அமெரிக்காவில் பணி செய்தபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளரின் கால்களுக்கும் பொருந்தும் என்று கற்பித்தார். நோவு ஒரு கொடை என்பது அவருடைய முடிவு. நோவையும் ஒரு நிஃமத்தாக நினைக்க முடியும் என்று அந்த ஆணிதான் எங்கள் வீட்டுக்குச் சொல்லித் தந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. அதைத் தொடக்கி வைத்தது உம்மா சொன்ன ஒரு வார்த்தை. "ஒரு நாளைக்கு அஞ்சு தரம் கால் கழுவுறோம். அதுல ஒரு தரமாச்சும் காலைப் பாத்தா என்ன?" உண்மைதான். வுளூவில் விரல்களுக்கிடையே கோதிக் கழுவுவது நமக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். கழுவும் கையோடு கண்ணும் சேர்ந்தால் போதும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, வெளிச்சம் நன்றாக இருக்கும் போது, மூத்தம்மா கதிரையில் இருப்பார். நானோ தம்பியோ கீழே இருந்து பார்ப்போம். உள்ளங்கால், குதி, விரலிடுக்கு, நகவோரம். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, நிறமாற்றம், ஈரம். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் பார்ப்போம். நாங்கள் இல்லாத நாளில் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து அவரே பார்ப்பார். இரண்டு நிமிட வேலை.

வுளூ எடுக்கும் இடத்தில் இப்போது ஒரு மெல்லிய பருத்தித் துவாய் தொங்குகிறது. விரலிடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துத் தோல் வெடிக்கும்; ஐந்து வேளை கழுவுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒற்றித் துடைத்த பிறகு பாதத்துக்கும் குதிக்கும் கிறீம் பூசுவோம். விரலிடுக்கில் பூசுவதில்லை. சுபஹுக்குத் தண்ணீர் சூடாக்கினால், அவர் காலை வைத்துப் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும். முழங்கை நரம்பு குறுகியது. அது இன்னும் உண்மை பேசும். நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுகிறோம். கால் ஆணியை பிளேட்டால் சீவுவதில்லை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். காயமோ சிவப்போ கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றே வைத்தியரிடம் காட்டுவோம்.

அக்கம்பக்கத்தவர்கள் அன்போடு பல கைவைத்தியங்கள் சொன்னார்கள். உப்பு ஒத்தடம், சுடுமணல் ஒத்தடம், கொச்சிக்காய் அரைத்துப் பூசுதல். சூடு தெரியாத காலுக்கு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்தது வெந்த பிறகுதான் தெரியும். கொச்சிக்காயின் உறைப்புப் பொருளிலிருந்து நரம்பு நோவுக்கு ஒரு கிறீம் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது அளந்து செய்யப்பட்டது, காயமில்லாத தோலுக்கானது. அம்மியில் அரைத்தது அளவறியாதது.

குளிசை விடயத்திலும் ஒரு தடங்கல் வந்தது. வைத்தியர் இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதியிருந்தார். மாமா அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற மருந்து" என்றார். மூத்தம்மா அன்றோடு நிறுத்திவிட்டார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழுதார். அடுத்த தவணையில் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அந்தக் குளிசை முதலில் மனச்சோர்வுக்காக வந்ததுதான். குறைந்த அளவில் கொடுத்தால், பழுதான நரம்பு ஓயாமல் அனுப்பும் செய்திகளை அது அடக்குகிறது. கபபென்டின், பிரிகபலின் போன்றவையும் அப்படித்தான். அவை வலிப்பு நோய்க்காக வந்தவை. சாதாரண நோவுக் குளிசை நரம்பு நோவுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தக் குளிசைகளும் ஓரிரு நாளில் வேலை செய்யா, வாரக்கணக்கில் எடுக்கும். வாய் உலரும், தூக்கம் வரும். எனவே தஹஜ்ஜுத்துக்கு எழும்புகிறவர் உடனே எழுந்து நிற்காமல், கட்டிலில் கொஞ்சம் இருந்து பிறகு எழும்ப வேண்டும். வழியில் சிறிய மின்விளக்கு எரிய வேண்டும். அயலவருடைய குளிசையை வாங்கிப் போடக் கூடாது. சொந்தக் குளிசையைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

இன்னொன்றும் வைத்தியர் கவனித்தார். மூத்தம்மா பல வருடங்களாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார். அதை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். பி12 குறைந்தாலும் இதே காந்தலும் விறைப்பும் வரும். பரிசோதித்ததில் குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். ஆகவே காலில் எரிவு என்றால் எல்லாம் சீனி என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தைரொயிட் குறைபாடு, சில மருந்துகள், அக்கி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை சீனியைக் கட்டுக்குள் வைப்பதுதான். போன நரம்பு முழுதாகத் திரும்பாது. இருக்கும் நரம்பைக் காக்கலாம். மூன்று மாதச் சீனியைக் காட்டும் பரிசோதனையில் 9.4 ஆக இருந்தது இப்போது 7.6. தட்டில் சோறு பாதியாகி, மரக்கறியும் மீனும் கூடியிருக்கின்றன. தேநீரில் சீனி இல்லை.

இரவுகளுக்கு நாங்கள் கண்ட வழிகள் எளியவை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போர்வையைப் போடுவோம். போர்வை காலில் படாது, குளிரும் தெரியாது. எரிவு கூடினால் தளர்ந்த பருத்திக் காலுறை போட்டு மெதுவாகத் தடவிவிடுவோம். தடவும் உணர்வு நோவின் செய்தியைக் கொஞ்சம் மறைக்கும். கிராஅத் ஒலிக்கவிடுவோம். தொழுகையில் நெடுநேரம் நிற்க முடியாத நாளில் கதிரையில் இருந்து தொழுகிறார். முதலில் அதற்கு மனம் ஒப்பவில்லை. மார்க்கம் தந்த சலுகையை மறுப்பது பணிவாகாது என்று உம்மா சொன்ன பிறகுதான் அமர்ந்தார்.

ஆனால் மூத்தம்மாவை மீண்டும் மூத்தம்மாவாக்கியது குளிசையோ கூடையோ அல்ல, தறிதான். காயம் ஆறிய பிறகும் அவர் தறிப் பக்கம் போகவில்லை. வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பழகியவர். இப்போது மூடிய சப்பாத்தோடு மிதித்தால் எந்தக் கட்டையில் கால் இருக்கிறது என்றே தெரியவில்லை. சும்மா இருந்த அந்த மாதங்களில் நோவு இன்னும் பெரிதாயிற்று. நினைக்க வேறொன்றும் இல்லாவிட்டால் நோவு வீடு முழுவதும் பரவிவிடும். உம்மா மிதிகட்டைகளில் ஒன்றுக்குச் சிவப்புத் துணியும் மற்றதற்கு வெள்ளைத் துணியும் சுற்றினார். மூத்தம்மா முதலில் குனிந்து பார்த்துப் பார்த்து மிதித்தார். சில கிழமையில் பார்ப்பது குறைந்தது. "கால் செல்லாட்டி என்ன, தறி செல்லுது" என்றார். எந்தக் கட்டை இறங்கினால் என்ன சத்தம் வரும் என்று அவருடைய காதுக்குத் தெரியும். அரை மணித்தியாலம் நெய்வார், எழுந்து முற்றத்தில் நடப்பார், பிறகு நெய்வார். முன்பு இரண்டு நாளில் முடிந்த சாரம் இப்போது ஒரு கிழமை எடுக்கிறது. ஓரம் மட்டும் முன்னைப் போலவே நேராக இருக்கிறது.

கிளினிக்கில் நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கம் கேட்பார்கள். மூத்தம்மாவுக்கு இலக்கம் பிடிக்காது. முழக் கணக்கில் சொல்வார். ஆரம்பத்தில் எட்டு முழம், ஒன்பது முழம். இப்போது பெரும்பாலான இரவுகளில் மூன்று முழம். நோவு போகவில்லை, போகும் என்று யாரும் எங்களுக்கு வாக்குத் தரவுமில்லை. மூன்று முழத்தோடு தூங்கலாம், நெய்யலாம், பேரப்பிள்ளைகளோடு சிரிக்கலாம். நலமாக வாழ்வது என்றால் நோவே இல்லாமல் வாழ்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது மூத்தம்மாவைப் பார்க்கிறேன்; அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமாகத்தான் வாழ்கிறார்.

சகோதரிகளே, நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு அரிது. பெரியவர்கள் காலைப் பிறர் தொடுவதற்குக் கூச்சப்படுவார்கள். நோவைச் சொல்லவும் தயங்குவார்கள். பெற்றோரே, நீங்களும் பிள்ளைகளுக்குப் பாரமாக வேண்டாம் என்று மறைக்காதீர்கள். நரம்பு தன் வேலையை விட்டுவிட்டால் அந்த வேலையை வீட்டிலுள்ள கண்கள்தான் செய்ய வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை, பட்டம் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் இரண்டு நிமிடமும் போதும்.

இந்த வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன். எங்கு படிக்கப் போனாலும் அஸர் நேரத்தில் அந்தக் கதிரைக்குக் கீழே இருக்க என்னால் முடியாது. தம்பி இப்போதே கொப்பியில் கோடு போட்டு, திகதி எழுதி, வலது கால், இடது கால் என்று பிரித்து வைத்திருக்கிறான். நேற்று வலது குதியில் சிறிய வெடிப்பு என்று குறித்திருக்கிறான். நான் பார்த்தபோது அது என் கண்ணுக்குப் படவில்லை. மூத்தம்மா அதைக் கேட்டு, "இவன்ட கண் நல்ல கண்" என்று கிறீமை அவனிடமே நீட்டினார்.